அழித்த பிறகும் போய்ச் சேர்ந்த சொல்

அனுப்புநர்:
க. உமா மகேஸ்வரி (வயது 51),
மனு எழுதுபவர்,
தெற்கு மாசி வீதி,
தென்காசி – 627 811.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்,
தென்காசி.

பொருள்: ‘சாரல் இன்று’ என்னும் கைபேசிச் செயலி, தனக்குள்ளேயே திறக்கும் உலாவியில் தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்த சொற்களை எடுத்துப் பயன்படுத்தியது – நடவடிக்கை எடுக்கவும், அவர்களிடம் மீதமுள்ள சொற்களை யாரும் வாசிக்காமல் அழிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஓர் அலுவலகத்தில் (பெயர் இணைப்பு நகலில்) 30.06.2025 அன்று நான் கொடுத்த புகார்.
2. மேற்படி அலுவலகத்தின் 21.07.2025 நாளிட்ட பதில் (நகல் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். திங்கட்கிழமைதோறும் தங்கள் முன் வரும் மனுக்களில் சில என் கையெழுத்தில் இருக்கும். அவற்றின் கீழே என் பெயர் இருந்ததில்லை. முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், தெருக்குழாய் என்று எல்லாமே பிறருடைய குறைகள். இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்காக நான் எழுதும் முதல் மனு இது. பிறருக்கு எழுதும்போது ‘கருணை கூர்ந்து’, ‘ஏழ்மை நிலையைக் கருத்தில் கொண்டு’ என்றெல்லாம் தாராளமாகப் போட்டுக்கொடுப்பேன். இந்த மனுவில் அந்தச் சொற்கள் இருக்காது. நான் கேட்க வந்தது கருணை இல்லை என்பதால் விட்டிருக்கிறேன். மரியாதைக் குறைவாகத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், திரு. சிவசுப்பிரமணியன் நடத்தும் ஜெராக்ஸ் கடை வாசலில் என் மேஜை இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களை முதலில் பேசவிடுவேன். பட்டாவுக்கு வந்தவர் தம்பி மனைவியைப் பற்றிப் பேசுவார். பேசட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்வேன். பிறகு, அரசுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று இருவருமாக உட்கார்ந்து அடிப்போம். இரண்டு பக்கம் எட்டு வரியாகச் சுருங்கும். நல்ல தாளில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியதும், முதலில் எழுதிய தாளை நாலாகக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். என் குப்பைக்கூடையில்கூடப் போடுவதில்லை. புளியங்குடியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பெண்கள் இரண்டு பேருந்து மாறி என்னைத் தேடி வருவது என் கையெழுத்து அழகுக்காக அன்று. இங்கே சொன்னது இங்கேயே இருக்கும் என்பதற்காக வருகிறார்கள்.

3. மனுக்கள் இணையவழிக்கு மாறிய பிறகு நானும் கைபேசிக்கு மாறினேன். பழக்கம் மட்டும் மாறவில்லை. இணையப் பக்கத்தில் ‘மனு விவரம்’ என்று ஒரு பெட்டி வரும். தாளில் எழுதியதுபோலவே அந்தப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடித்து, வேண்டாததை அழித்து, மிஞ்சியதை வாசித்துக் காட்டி, அதன் பிறகே ‘சமர்ப்பி’ என்பதை அழுத்துவேன். அழித்தால் கிழித்ததற்குச் சமம் என்று நினைத்துவிட்டேன். இது என் தவறு. பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

4. ‘சாரல் இன்று’ என்ற செயலி குற்றாலத்தில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துடையது. பேரருவியில் இன்று குளிக்கலாமா, ஐந்தருவியில் தடை போட்டிருக்கிறார்களா, பழைய அருவியில் கூட்டம் எப்படி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். மின்தடையும் எலுமிச்சை விலையும் வரும். உறவினர் யாராவது சாரலுக்கு வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் எங்கள் ஊரில் எல்லோரும் திறந்து பார்ப்பது இதைத்தான். அதில் ‘அரசு சேவைகள்’ என்றொரு பகுதியும் உண்டு. அரசின் மனுப் பக்கத்துக்குப் போகும் சுட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் நான் அதன் வழியாகவே போய்வந்தேன்.

5. இந்த இடத்தைத் தாங்கள் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். அந்தச் சுட்டியைத் தொட்டால், கைபேசியில் நாம் வழக்கமாக இணையம் பார்க்கும் உலாவி திறப்பதில்லை. செயலி தனக்குள்ளேயே ஓர் உலாவியைத் திறந்து, அதில் அரசுப் பக்கத்தைக் காட்டுகிறது. பக்கம் அசலானதுதான், பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுப் படமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் எந்த உலாவிக்குள் திறந்திருக்கிறதோ அது செயலிக்காரருடையது. நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்கும் நிரலை அதில் அவர்கள் சேர்த்துவைக்க முடியும். நாம் ‘சமர்ப்பி’ அழுத்தும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்குக் கிடையாது. அரசுப் பக்கத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் அனுப்பியதை அது பெற்றுக்கொண்டது, எண்ணும் கொடுத்தது.

6. 11.06.2025 புதன்கிழமை முற்பகல் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அவர் பெயரையும் ஊரையும் இந்த மனுவில் எழுதவில்லை. கணவர் சவுதி அரேபியாவில், தமாமில் வேலை பார்க்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகள். கணவர் வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து தம் பெயரையும் மகள் பெயரையும் நீக்கித் தனி அட்டை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஏன் தனியாக வேண்டும் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார், நான் பெட்டிக்குள் அடிக்கத் தொடங்கினேன். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பேசினார். அதில் அவர் சொன்ன காரணம் ஒன்று உண்டு. அதைத் தம் தாயிடம்கூடச் சொன்னதில்லை என்றார். செப்டம்பரில் கணவர் விடுமுறைக்கு வரும்போது அவர் முகத்தைப் பார்த்துத் தாமே சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு விலக வேண்டும் என்று வைத்திருந்தார்.

7. அன்று நான் இரண்டு பிழைகள் செய்தேன். பிழை என்றாலும் அவைதான் இன்று என் சாட்சிகள்.

முதல் பிழை, எண். கைபேசி எண் கேட்டதும் அந்தப் பெண்மணி பழக்கத்தில் கணவரின் இந்திய எண்ணைச் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் ஆதார், வங்கி, எரிவாயு எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்கும். பத்து இலக்கமும் அடித்து முடித்த பிறகு, “ஐயோ, அது அவுக நம்பரு அக்கா” என்றார். அழித்துவிட்டு அவருடைய எண்ணைப் போட்டேன்.

இரண்டாவது பிழை, எழுத்து. இஸ்லாமியப் பெண் தானாக மணவிலக்குக் கேட்பதற்கு ‘குலா’ என்று பெயர். நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர எழுதிப் பார்த்ததில்லை. ‘குளா’ என்று அடித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “குண்டு ளா இல்லக்கா, சாதா லா” என்றார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். அவர் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான். அரசுக்கு அந்தச் சொல்லே தேவையில்லை என்பதால், திருத்தாமல் அந்த வரி முழுவதையும் அழித்தேன். கடைசியில் நாங்கள் அனுப்பியது ஆறு வரி. தனியே வசிக்கிறோம், தனி அட்டை வேண்டும் என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது.

8. 13.06.2025 வெள்ளிக்கிழமை தமாமில் அவர் கணவரின் இந்திய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. வெள்ளி அங்கே விடுமுறை நாள். அறையில் ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். அவர் சமையல் வேலையாக இருக்க, வேறொருவர் கைபேசியை எடுத்து உரக்க வாசித்திருக்கிறார். அந்தப் பெண்மணியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, “குளா தொடர்பாக ஆலோசனை தேடுகிறீர்களா? தென்காசியில் முதல் சந்திப்பு இலவசம்” என்று அதில் இருந்தது. மாலைக்குள் ஊரில் அவர்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆகவே, தெரு அறிந்துவிட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

9. மறுநாள் கணவரின் அண்ணன் அந்தப் பெண்மணி இருக்கும் வீட்டுக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு என்று சொல்லி மகளைக் கூட்டிப் போனார். பதினோரு நாள் பிள்ளையை அனுப்பவில்லை. ஜமாஅத்தில் பெரியவர்கள் பேசிய பிறகே பிள்ளை தாயிடம் வந்தாள். அந்தப் பதினோரு நாளும் அவள் பள்ளிக்குப் போகவில்லை.

10. பிள்ளையைக் கூட்டிப் போன அன்று பிற்பகலே அண்ணன் என் மேஜைக்கும் வந்தார். கூட இரண்டு பேர். விஷயத்தை எழுதியவர் நான் ஒருத்திதான், ஆகவே விற்றவளும் நான்தான் என்பது அவர் கணக்கு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். “நம்பிச் சொன்ன பிள்ளையோட விசயத்த இப்படி வித்துப்புட்டியளே” என்றார். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லி ஆறியிருப்பேன். என் மேஜைக்கு முன்னால் காத்திருந்த மூன்று பெண்களில் இருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அந்தப் பெண்மணியும் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. இன்னும் அப்படியே இருக்கிறது.

11. என் கண்ணைத் திறந்தது அந்தக் குண்டு ளாதான். குறுஞ்செய்தியின் படம் பலர் கை மாறி 17ஆம் தேதி என்னிடமும் வந்தது. அது என் பிழை. என் கைபேசியில், என் விரலால் விழுந்து, சில நிமிடத்தில் அழிந்த பிழை. அந்தப் பெண்மணியின் பெயரும், அவர் கணவரின் எண்ணும், அந்தத் தப்பான எழுத்தும் சேர்ந்து இருந்தது உலகத்தில் ஒரே இடத்தில்தான். அது நான் அழித்த பெட்டி. நான் விற்றிருந்தால் சரியான எழுத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் விற்றிருப்பேன், ‘குலா’ என்றே சொல்லியிருப்பேன். எழுத்துப்பிழையில்லாமல் எழுதுகிறவள் என்ற பெருமை எனக்கு உண்டு. நான் குற்றமற்றவள் என்று நிரூபிக்க அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

12. 20.06.2025 அன்று குற்றாலத்தில் ஒரு விடுதியின் மாடியில் இருக்கும் அந்த நிறுவனத்துக்குப் போனேன். மேலாளர் திரு. முத்துச்செல்வம் உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். எதையும் மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அவர் சொன்னது இது: “எங்க ஆப்புக்குள்ள வச்சுத்தானக்கா அடிச்சீங்க? உள்ள வந்து அடிச்சா எங்களுக்குத் தெரியத்தான செய்யும்.” எல்லாப் பெரிய நிறுவனமும் செய்வதைத்தான் சின்ன அளவில் தாங்கள் செய்வதாகவும், விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்க அது தேவைப்படுவதாகவும் விளக்கினார். பெரிய நிறுவனங்கள் செய்வது எனக்குத் தெரியாது, தம் நிறுவனம் செய்ததாக அவர் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். எனக்கு மனக்கஷ்டம் என்பதால் என் மேஜைக்கு ஒரு மாதம் இலவசமாக விளம்பரம் போட்டுத் தருவதாகவும் சொன்னார். தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

13. அவர் சொன்ன ‘உள்ளே வந்தால்’ என்ற நியாயத்துக்கு என் பதில் இது. அருவிக்கரையில் பெண்களுக்கு உடை மாற்றும் அறைகள் இருக்கின்றன. கட்டணம் கொடுத்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறோம். அறையை நடத்துபவர் சுவரில் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு, என் அறைக்குள்தானே வந்தாய் என்று சொன்னால், தாங்கள் அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீர்களா?

14. நான் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தியிருக்கிறேன் என்றும் அவர் காட்டினார். உண்மைதான், அழுத்தியிருக்கிறேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க அழுத்தினேன். அந்த ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்க ஆங்கிலம். படிக்கத் தெரியாதவரிடம்கூட நான் ஒரு வரியையும் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியதில்லை. தவிர, அந்தப் பெண்மணி எதையும் அழுத்தவில்லை. அந்தச் செயலியே அவரிடம் கிடையாது. என் கைபேசியில் நான் கொடுத்த ஒப்புதல் அவர் வாழ்க்கைக்கு எப்படிச் செல்லும்? தனிநபர் தரவைக் காக்க 2023இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதில் எந்தப் பிரிவு இதற்குப் பொருந்தும் என்பதைத் தங்கள் சட்ட அலுவலர் சொல்லட்டும். நான் வழக்கறிஞர் இல்லை.

15. சந்தேகம் என்று யாரும் தள்ளிவிடாதபடி 23.06.2025 அன்று ஒரு சோதனை செய்தேன். திரு. சிவசுப்பிரமணியன் உடனிருந்தார். வாசுதேவநல்லூரில் இருக்கும் என் அத்தான் திரு. விஜயசங்கர் சம்மதத்துடன், அதே செயலியின் வழியாக அதே அரசுப் பக்கத்தைத் திறந்து, அவர் பெயரையும் எண்ணையும் அடித்தேன். மனு விவரத்தில் ‘எழுமிச்சை மொத்த விற்பனை’ என்று, வேண்டுமென்றே ‘ழு’ போட்டு அடித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன், பக்கத்தை மூடினேன். எதையும் சமர்ப்பிக்கவில்லை.

இரண்டாம் நாள் அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது: “வணக்கம் விஜயசங்கர்! எழுமிச்சை மொத்த விற்பனை தொடர்பாக ஆலோசனை தேடுகிறீர்களா?” அதன் பிறகு, இரண்டு லோடு கிடைக்குமா என்று அழைப்புகளும் வரத் தொடங்கின. அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டு முற்றத்தில் ஓர் எலுமிச்சைச் செடிகூடக் கிடையாது. அழைப்புகளைவிட அந்த ‘ழு’தான் அவருக்குத் தாங்கவில்லை. அழைத்த ஒவ்வொருவருக்கும் பிழையைத் திருத்திவிட்டுத்தான் வைத்தாராம்.

சோதனை செய்த அதே நாளில், கைபேசியின் வழக்கமான உலாவியில் அதே பக்கத்தைத் திறந்து, திரு. சிவசுப்பிரமணியனின் இன்னொரு எண்ணைப் போட்டு ‘எழுமிச்சை நாற்று’ என்று அடித்து அழித்தோம். அந்த எண்ணுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. இரண்டுக்குமான கைபேசித் திரையின் படங்கள் தேதி வாரியாக இணைக்கப்பட்டுள்ளன.

16. இவ்வளவையும் வைத்து 30.06.2025 அன்று பார்வையில் கண்ட அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டவர் எலுமிச்சை விஷயத்தை வாசித்துச் சிரித்தார். “நீங்களே எழுதி நீங்களே அழிச்சிருக்கீங்க. இதுல யாரு மேல என்னன்னு கேஸ் போட?” என்று கேட்டார். மூன்று வாரம் கழித்து எழுத்தில் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணின் பெயர், முகவரி, அன்று அழிக்கப்பட்ட வாசகத்தின் முழு விவரம் ஆகியவற்றைத் தாக்கல் செய்தால் மேல்நடவடிக்கை பரிசீலிக்கப்படும் என்று அதில் இருக்கிறது.

17. தாக்கல் செய்ய மாட்டேன்.

18. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயலி இதுவரை வெளியே விட்டது ஒரு சொல்லைத்தான். அந்தப் பெண்மணி சொன்ன காரணம் இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் அது அவர்களின் கணினியில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் நான் அடித்தது முழுவதும் அங்கே இருக்கிறது. இன்னொரு விளம்பரக்காரர் கேட்டால் இன்னொரு சொல் போகும். கணவர் செப்டம்பர் முதல் வாரம் வருகிறார். அதற்குள் அந்தக் காரணம் எந்தக் கைபேசியில் வந்து விழுமோ என்ற பயத்தில் ஒரு பெண் இருக்கிறார். இந்த நிலையில், ஓர் அலுவலகக் கோப்பில் நானே அதை எழுதிக் கொடுத்தால், அந்த அண்ணன் என் முகத்துக்கு நேரே சொன்னது அன்றைக்குப் பொய்யாக இருந்தாலும் இன்றைக்கு உண்மையாகிவிடும். திருட்டுப் போன பெட்டியைக் கண்டுபிடிக்க, அதில் இருந்ததையெல்லாம் சந்தையில் பரப்பிக் காட்டச் சொல்வதை நான் ஏற்கவில்லை. செயலி அழித்ததை எடுக்கிறது என்பதற்கு எலுமிச்சை போதும். அந்தப் பெண்மணியின் சொற்கள் தேவையில்லை. இதற்காக என் புகாரை முடித்துவைத்தால் மறு புகார் கொடுப்பேன். அதையும் முடித்துவைத்தால் அடுத்த திங்கட்கிழமை வருவேன். வரிசையில் நிற்பது எனக்குப் பழகிய வேலை.

19. அந்தச் செயலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். போட்டுவிட்டேன். ஆனால் நான் ஒருத்தி போட்டதால், நேற்று ஐந்தருவிக்குப் போகும் முன் அதைத் திறந்த ஆயிரம் பேருக்கு என்ன பயன்? அவர்களில் ஒருத்தி அதற்குள்ளேயே மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்து தன் நோயை எழுதியிருப்பாள், எழுதிவிட்டு மனம் மாறி அழித்திருப்பாள். ஒருவர் ஒன்றை எழுதிவிட்டு வேண்டாம் என்று அழிக்கிறார் என்றால், அதை யாருக்கும் சொல்லப்போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவை மீற ஒரு நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பதுதான் இந்த மனுவின் சாரம்.

20. ஆகவே, தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும் எனக் கோருகிறேன்:

அ) மேற்படி செயலி தன் உள் உலாவியில் எழுத்துகளை எடுப்பதைத் தகுதியுள்ள தொழில்நுட்ப அலுவலரைக் கொண்டு சோதித்து, உரிய சட்டப்படி வழக்குப் பதிய ஆவன செய்ய வேண்டும். சோதனைக்கு எலுமிச்சையோ வேறு காய்கறியோ போதுமானது.

ஆ) 11.06.2025 அன்று என் கைபேசி வழியாக எடுக்கப்பட்ட எல்லாச் சொற்களையும், விசாரிப்பவர் உட்பட யாரும் வாசிக்காமல், ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் அழிக்கச் செய்து, அழித்ததற்கு எழுத்துமூலம் உறுதி வாங்க வேண்டும். என் கோரிக்கைகளில் காத்திருக்க முடியாதது இது ஒன்றுதான்.

இ) அரசுப் பக்கங்களுக்கான சுட்டியை வைத்திருக்கும் எந்தச் செயலியும், அவற்றைக் கைபேசியின் சொந்த உலாவியில் மட்டுமே திறக்க வேண்டும் என்று அறிவுறுத்த வேண்டும். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை என்று பலகை வைக்கிறோம். செயலிக்குள் திறக்கும் பக்கத்தில் சொந்த விவரம் எழுதாதீர்கள் என்று அதே எழுத்தளவில் ஒரு பலகை வைத்தால் நல்லது.

ஈ) அந்தப் பெண்மணி என்னிடம் சொன்னது என் வாயால் வெளியே போகவில்லை என்று விசாரணையின் முடிவில் தெரியவந்தால், அதை ஒரு வரியில் எழுதி முத்திரையிட்டு எனக்குத் தர வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு வைத்துக் காத்த பெயர். அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது.

21. இந்த மனுவைக் கையால் எழுதியிருக்கிறேன். இதில் அந்தப் பெண்மணியின் கதையும் கொஞ்சம் இருப்பதால், கொடுப்பதற்கு முன் அவரிடம் வாசித்துக் காட்டுவது என் கடமை. அவர் என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் இன்று காலை அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் இது தங்களிடம் வராது. இதைத் தாங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் அவர் அனுமதித்தார் என்று பொருள்.

கடமையைச் செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன், பதிலை எழுத்தில் எதிர்பார்த்துக் கையொப்பமிடுகிறேன்.

இடம்: தென்காசி
நாள்: 18.08.2025

(ஒப்பம்)
க. உமா மகேஸ்வரி

இணைப்பு: பார்வை 2இல் கண்ட பதிலின் நகல்; சோதனையின் கைபேசித் திரைப் பிடிப்புகள் – 9; திரு. சிவசுப்பிரமணியன், திரு. விஜயசங்கர் ஆகியோரின் எழுத்துமூல வாக்குமூலங்கள்.

(மனுவின் கடைசிப் பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

ஆட்சியர் ஐயா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே அந்தப் பெண்மணி என்று எழுதியிருப்பது என்னைத்தான். என் பெயர் நிலோபர். வயது 31. கணவர் வீடு கடையநல்லூர். இப்போது மகள் சஃப்ரினோடு தென்காசியில் இருக்கிறேன்.

உமாக்கா காலையில் வந்து வாசலில் நின்றார்கள். முதலில் நான் உள்ளே கூப்பிடவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் வாசித்தார்கள். பாதியில் நாற்காலி எடுத்துப் போட்டேன். வாசித்து முடித்ததும், என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்றேன். “இது என் மனு, இதில் உன் பெயர் வராது” என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பேனாவை வாங்கி நானே எழுதுகிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன நாளில் நானும் அக்காவைத்தான் சந்தேகப்பட்டேன். ஏசினேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அந்த ஒரு வரிக்கு அரசாங்க முத்திரை கிடைக்க நாளாகும் என்றால், அதுவரை என் கையெழுத்தை வைத்துக்கொள்ளட்டும்.

விலக வேண்டும் என்று நினைத்தது உண்மை. அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஏன் என்று என் கணவர் தினமும் போனில் கேட்கிறார். நேரில் வாங்க, சொல்லுதேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தக் காரணத்தை எந்த அலுவலகமும் கேட்க வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரரும் வாசிக்க வேண்டாம். பத்து வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான். அவரிடம் அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

(ஒப்பம்)
நிலோபர்